ஆபத்தில்லாத கசிவு

தெருவுக்கடியில் ஓடும் கேஸ் குழாய்களில் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. கையில் ஒரு கருவி. அதன் நீண்ட குச்சி தரையை உரசிக்கொண்டே வரும்; கேஸ் பட்டால் கருவி கத்தும். நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடை. கம்பெனியில் எல்லோருக்கும் அவள் ‘மோப்பம்’. அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அக்காவின் தையல்கடை வாசலில் கருவி கத்தியது. மேலதிகாரி வந்து பார்த்தார். சுவரிலிருந்து தள்ளி, திறந்த வெளியில் மெல்லக் கசிகிறது, தீப்பிடிக்க வழியில்லை. ‘ஆபத்தில்லை, கண்காணிக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைய விதி அப்படி. அதன் பிறகு அவளும் ஆறு மாதத்துக்கொரு முறை வந்து அளந்து, அதே இரண்டு வார்த்தையை எழுதினாள். அக்காவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அவள் ஊரையே கூட்டிவிடுவாள். எப்போதாவது வாடை வந்தால் சாக்கடை என்று நினைத்து அக்கா மூக்கைப் பொத்திக்கொள்வாள், அவ்வளவுதான்.

மூன்றாம் வருஷம் கடை வாசல் மரம் காயத் தொடங்கியது. தண்ணீர் போதவில்லையென்று அக்கா தினமும் இரண்டு வாளி ஊற்றினாள். மண்ணுக்குள் நிறைந்த கேஸ் வேரை மூச்சுத் திணறவைக்கிறது என்று தங்கைக்குத் தெரியும். தெரிந்தும், வாளியைத் தூக்கக் கை கொடுத்தாள்.

இந்த வருஷம் கம்பெனி விதியை மாற்றியது. புதிதாக வந்த பொறியாளர் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார்.

“இவ்வளவு நாளா தீப்பிடிக்குமான்னு மட்டும் பார்த்தோம். ஆனா கசியுற கேஸ் மாயமா மறைஞ்சிடல. மேல போய் பூமியைச் சூடாக்குது. இனிமே எங்க அதிகமா கசியுதோ, அதை முதல்ல அடைக்கணும். எங்க ஆரம்பிக்கலாம்? நடந்து பார்த்தவங்க நீங்கதானே, சொல்லுங்க.”

மோப்பம் கையைத் தூக்கினாள். “எங்க அக்கா கடை வாசல்ல, மேடம்.”

அன்று மாலை கடைக்குப் போனாள். பள்ளிச் சீருடைகள் மேசையில் குவிந்து கிடந்தன. உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மிஷின் நின்றது.

“ஆறு வருஷமா மூக்கைத் திறந்து வச்சுக்கிட்டு வாயை மட்டும் மூடிக்கிட்டிருந்தியாடி?”

“ஆபத்தில்லைன்னுதான்கா...”

“யாருக்கு ஆபத்தில்ல? அந்த மரத்துக்கா?”

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். “திங்கக்கிழமை தோண்டுறாங்க. நாலு நாள் கடை திறக்க முடியாது.”

“பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள்தான் இருக்கு! அறுபது சட்டை அப்படியே நிக்குது.”

“மிஷினை எங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போலாம். பட்டன் நான் தைக்கிறேன்.”

“நீ தைச்ச பட்டன் மத்தியானத்துக்குள்ள தெறிச்சிடும்.” ஆனாலும் அக்கா துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை கடை வாசலைத் தோண்டியபோது இடுப்பளவு ஆழத்தில் பழைய இரும்புக் குழாய் தெரிந்தது. மூட்டு ஒன்று விரிந்து சீறிக்கொண்டிருந்தது. “இதை மட்டும் அடைச்சா நாளைக்கே மூடிடலாம்” என்றார் மேஸ்திரி. மோப்பம் பள்ளத்தில் இறங்கிக் குச்சியை நீட்டினாள். அடுத்த இரண்டு மூட்டுகளிலும் கருவி கத்தியது. தெரு முழுக்கப் பழைய குழாய்க்குள் புதிய பிளாஸ்டிக் குழாயைச் செலுத்திவிடலாம் என்று பொறியாளர் முடிவெடுத்தார். நாலு நாள் ஏழு நாளாயிற்று.

சேதி கேட்ட அக்கா சண்டைக்கென்றே வந்தாள். பள்ளத்தின் ஓரத்தில் குனிந்தவளுக்குச் சீறல் காதில் விழுந்தது. வாடை முகத்தில் அடித்தது.

“இதையா ஆபத்தில்லைன்னு எழுதினே?” என்று தங்கையைப் பார்த்தாள். பிறகு மேஸ்திரியிடம் திரும்பினாள். “அங்கங்க ஒட்டுப் போடாதீங்க. முழுசா மாத்துங்க.”

ஏழாம் நாள் பள்ளத்தை மூடிய பிறகு மோப்பம் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மூன்று தடவை நடந்தாள். கருவி வாயே திறக்கவில்லை. ‘கசிவு இல்லை’ என்று படிவத்தில் எழுதினாள்.

மரத்தில் பட்டுப்போன கிளைகளை வெட்டிவிட்டார்கள். மிச்சம் பிழைக்குமா என்பது ஒரு மழைக்குப் பிறகுதான் தெரியுமாம். சட்டைகள் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தன. பட்டன்களை அக்கா திரும்பத் தைக்க வேண்டியிருந்தது.

அடுத்து பக்கத்துத் தெருவைத் தோண்டப்போகிறார்கள் என்றதும், அங்கே கடை வைத்திருந்த முடிதிருத்துபவர் தோண்டக் கூடாதென்று தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடாமலே அக்கா அவர் கடைக்குள் நுழைந்தாள்.

“ஏழு நாள் ஆகும். தூசு வரும். கண்ணாடியெல்லாம் துணி போட்டு மூடிடுங்க. ஆனா தோண்டட்டும்.”

“நீங்க கம்பெனி ஆளா?”

“கம்பெனி ஆளோட அக்கா. அவங்க மூடி மறைச்சதையும் நான் சொல்லுவேன். உட்காருங்க.”

வாசலில் நின்ற மோப்பத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு பெயின்ட் டப்பாவைத் திறந்து, எங்கே தோண்ட வேண்டுமென்று மஞ்சள் கோடு போட ஆரம்பித்தாள்.