கியூபாவைப் பற்றி அப்பா பேசினார்

"ஒரு காப்பிலிக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கிறதோ? சனத்தின்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?"

ரொறன்ரோவின் வோபர்ன் பகுதி வீட்டுக் குசினிக்குள் நின்று இராஜரட்ணம் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனாலும் முன்னறையில் இருந்த மரியோவின் காதில் அது விழுந்தது. தமிழ் தெரியாவிட்டாலும் தன்னை இளக்காரம் செய்யும் குரல் எவனுக்கும் விளங்கும். தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு அவன் எழுந்து போனான்.

பிரதீபாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் கட்டினால் மரியோவைத்தான் கட்டுவாள். கியூபாவில் பிறந்த கறுப்பினத்தவன். அவனுடைய முப்பாட்டனார் ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போரில் சண்டை பிடித்தவர்.

"அப்பாவின்ரை குணம் தெரியும்தானே. பொறுத்துப் போ, பிள்ளை," என்றாள் தாய் தவமணி.

"ஏலாதம்மா. உதுக்கு நான் அவருக்குக் காட்டுறன்."

அப்பா இனக்கலவரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கொழும்பிலிருந்து ஓடிவந்தவர். ரொறன்ரோவில் மேடை கிடைத்தால் விடமாட்டார். அந்த ஞாயிறும் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் 'விடுதலையும் இன ஒற்றுமையும்' என்று பேச இருந்தார். வேற்றினத்து விருந்தினருக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவள், வழக்கம்போல, மகள்தான். மரியோவை அவளே அழைத்துவந்து முன்வரிசையில் இருத்தினாள். செய்யப்போவதை அவனிடம் சொல்லியும் இருந்தாள்.

"கியூபாவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே படையில் தோளோடு தோள் நின்றார்கள்!" அப்பா முழங்கினார். "நாடு விடுதலையானால் கறுப்பன்தான் ஆளுவான் என்று ஸ்பெயின்காரன் பயம் காட்டினான். அந்தப் பயத்தில் எத்தனையோ பேர் சொந்தப் படையையே கைவிட்டார்கள். எதிரிக்கு வேறு ஆயுதம் எதற்கு?"

கைதட்டல் ஓய்ந்தது. பிரதீபா ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தாள். பிறகு அதே ஆங்கிலத்தில் நிதானமாகத் தொடர்ந்தாள்.

"முன்வரிசையில் இருப்பவர் அந்தப் படைவீரர் ஒருவரின் வாரிசு. நான் கட்ட விரும்புகிறவர். போன கிழமை எங்கள் வீட்டில் வைத்து என் அப்பா இவரைக் 'காப்பிலி' என்றார். அந்தச் சொல்லை நான் மொழிபெயர்க்கவில்லை. இங்கே இருக்கும் தமிழர் எல்லாருக்கும் அது விளங்கும்."

விளங்கியது. சங்கத் தலைவர் மகேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார். மரியோ குனியவில்லை.

இராஜரட்ணம் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். "இத்தனை சனத்துக்கு முன்னாலை என்ரை மானத்தை வாங்கிப் போட்டியே!"

அவளுக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. மனம் குளிர்ந்துதான் போயிருந்தது.

"அடுத்தது ஒற்றுமையைப் பற்றி, அப்பா," என்றாள். "சொல்லுங்கோ, காத்துக்கொண்டிருக்கினம்."