மடியில் ஒரு புளியங்கொட்டை

1

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒன்றுதான். 1982-ல் ஜமுனாமரத்தூரில், எரிந்துபோன கிணற்று மோட்டாருக்கு ஒருவர் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, பத்துச் சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையை மடியிலிருந்து எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். மற்றதெல்லாம் என் கற்பனை.

2

‘சாமைக் கதிர்கள் காற்றில் அசைந்த ஒரு மாலையில்...’

(வேண்டாம். என் நாவல்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றன.)

வேடியப்பனுக்கு முப்பத்தெட்டு வயது. ஒடுகத்தூர்க் கடையில் ஆறு மாதம் தொழில் கற்றான். தனியாகக் கட்டிய இரண்டு மோட்டாரும் புகைந்துவிட்டன. இது மூன்றாவது.

“இதுவும் எரிஞ்சா குடகுக்கு எஸ்டேட் வேலைக்குப் போறேன் பாஞ்சால.”

“போயேன் மாமா. அங்க உனுக்கு யாரு எண்ணுவா?”

“அங்க இன்னாத்த எண்றது?”

“நாளு.”

(அவனைப் பொறுமைசாலி என்று எழுதி அடித்துவிட்டேன். அவனை உட்காரவைப்பது ஆர்வமா, பிடிவாதமா என்று இரண்டு பத்தி எழுதிக் கிழித்தேன். தினமும் விடிந்ததும் அவள் கொட்டைகளோடு வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அவன் எப்படி எழுந்து போவான்?)

3

ஒரு கம்பிச் சுருளுக்கு, அதாவது காயிலுக்கு, அறுபது சுற்று. அதனால் ஒவ்வொரு காயிலுக்கும் குவியலிலிருந்து ஆறு கொட்டையை எண்ணி மடியில் போட்டுக்கொள்வாள். மடி காலியானால் காயில் முடிந்தது. மூன்று நாளில் எல்லாக் காயில்களையும் சுற்றி, மோட்டாருக்குள் இறக்கிக் கட்டியாயிற்று. வேடியப்பன் சுவிட்ச் பக்கம் போகிறான். பாஞ்சாலை எழுந்து சேலையை உதறுகிறாள்.

கொசுவத்திலிருந்து ஒரு கொட்டை விழுகிறது.

ஏதோ ஒரு காயிலில் பத்துச் சுற்று குறைவு. எதில் என்று தெரியாது. சொன்னால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்; அவன் வெறுத்துப்போய்க் கிளம்பிவிடலாம். சொல்லாவிட்டால் மோட்டார் எரியும், கிளம்பியே விடுவான்.

4

முடிவு அ: அவள் கொட்டையைக் காலால் தள்ளி... (இல்லை. இவள் செய்யமாட்டாள்.)

முடிவு ஆ: அவள் சொல்கிறாள். அவன் சிரித்து அவள் கையைப் பிடித்துக்கொள்கிறான். (என் வாசகிகளுக்குப் பிடிக்கும். எனக்கும்தான். ஆனால் மூன்று நாள் குனிந்தே இருந்தவனுக்கு அவ்வளவு சீக்கிரம் சிரிப்பு வராது.)

5

“கொஞ்சம் இரு மாமா.”

“இன்னா?”

பாஞ்சாலை கையை விரிக்கிறாள். அவன் கொட்டையைப் பார்க்கிறான். சுவிட்சைப் பார்க்கிறான். பிறகு அவளை.

அவன் என்ன சொல்வான் என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். எழுதுமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அவள் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். மடியில் ஆறு கொட்டை இருக்கிறது.