பிரித்துப் பார்த்த பாலம்

அப்துல் கய்யூமுக்குக் கரும்பலகை என்றாலே ஆகாது. பொறியியல் கல்லூரியில் வாத்தியாராக இருந்துகொண்டு இப்படியும் ஒரு ஆளா என்று மற்ற வாத்தியார்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! அவர்களிடம் படித்த பிள்ளைகள் பாலத்தைப் படமாக வரைந்து, கணக்குப் போட்டு, மார்க்கை அள்ளிக்கொண்டு போய், வேலைக்குப் போன இடத்தில் ஒரு ஆணியை நேராக அடிக்கத் தெரியாமல் திருதிருவென்று முழித்தார்கள். நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. ஊருக்கு ஊர் அணை, ரோடு, பாலம் என்று சர்க்கார் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்த காலம். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமாடா?" என்று கேட்டுவிட்டு சாக்பீஸைத் தூக்கி மேஜை மேல் போட்டுவிடுவார் கய்யூம்.

அவருடைய முறையே வேறு. முதலில் கட்டு. பிறகு ஜனங்களை நடக்கவிட்டுப் பழக்கு. கடைசியில் பிரி. இந்தப் பிரிப்பதுதான் அவருக்கு உயிர். வாணியம்பாடியில் தோல் மண்டிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பதம் போட்ட தோலை மேலே தடவிப் பார்த்து எந்த வியாபாரியும் வாங்கிவிட மாட்டான். ஓரத்தில் கத்தி வைத்து ஒரு கீறு கீறி, உள்வரைக்கும் சாயம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் விலை பேசுவான். பாலமும் அப்படித்தான் என்பது கய்யூமின் கட்சி. எந்தக் கழி தேய்ந்தது, எந்த போல்ட்டு தளர்ந்தது, எங்கே விரிசல் ஓடியது என்று பிரித்துப் பார்க்காதவன் இன்ஜினீயரே இல்லை. கட்டுவது பாதிப் படிப்பு, பிரிப்பது மீதிப் படிப்பு. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு களை வரும்.

அந்த வருஷம் கடைசி வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் ஜவ்வாது மலைக்கு வந்தார். கலசப்பாக்கம் தாண்டி, லாரி ஏறுகிற மட்டும் ஏறி, அப்புறம் கல்லூரி ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த சவுக்குக் கழிகளையும் போல்ட்டுச் சாக்குகளையும் பிள்ளைகளே தோளில் சுமந்து வந்தார்கள். கீழ்க்கொல்லைக்கும் மேல்கொல்லைக்கும் நடுவில் ஒரு காட்டாறு. இக்கரைப் பாறையிலிருந்து அக்கரைப் பாறைக்கு முப்பதடிதான் இருக்கும். பார்த்ததும் கய்யூமுக்குப் பிடித்துப்போயிற்று. ஊர்க்கவுண்டரிடம் போய், "இங்க ஒரு பாலம் கட்டிக்கிறோம்" என்றார். "கட்டுங்க சாமி, புண்ணியமாப் போவும்" என்றார் அவர்.

பிரிக்கப்போவதை கய்யூம் சொல்லவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. அந்த மனுஷனுக்கு ஏமாற்றவெல்லாம் தெரியாது. கல்லூரிப் பாலம் என்றால் பிரிப்பதற்குத்தானே என்று அவர் பாட்டுக்கு நினைத்துக்கொண்டார். மலை ஜனங்களும் கேட்கவில்லை. கட்டினதைப் பிரிக்கிற ஒருத்தன் உலகத்தில் இருப்பான் என்று அவர்களுக்குத் தோன்றினால் அல்லவா கேட்பதற்கு!

கீழ்க்கொல்லையில் ஆற்றை ஒட்டின வீடு பெரியம்மாளுடையது. புருஷனை இழந்தவள். ஒரே மகள் சாந்தம்மாளை அக்கரையில் மேல்கொல்லைக்குக் கொடுத்திருந்தாள். மருமகன் சின்னராசு தங்கமான பையன். மகள் இப்போது தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். பெரியம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடத் தாராளம். பிள்ளைகள் பட்டினியாகக் கழி தூக்குவதைப் பொறுக்க மாட்டாமல் அவளே சாமைச் சோறு வடித்து, காராமணிக் குழம்பு வைத்துக் கொண்டுவந்துவிடுவாள்.

"பாய் வாத்தியாரே, இந்தப் பசங்க கையப் பாருங்க. பேனா புடிச்ச கை. கொப்புளங் கொப்புளமாப் போட்டுக்கிச்சு. பெத்தவ பாத்தா வயிறெரிய மாட்டா?"

"எரியட்டும்மா. கொப்புளம் போடாத கைக்குப் பாலம் வராது."

"வாயப் பாரு! நீங்க வாத்தியாரா, இல்ல மேஸ்திரியா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். கய்யூமும் சிரித்தார். அவருக்கு அதைவிடப் பெரிய பட்டம் வேறு யாரும் கொடுத்ததில்லை.

ஆவணியில் பாலம் முடிந்தது. கழிகளை முக்கோணம் முக்கோணமாகக் கோத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, மேலே நடக்க மூங்கில் தட்டி அடித்து, பார்க்கவே லட்சணமாக இருந்தது. சுமை ஏற்றிப் பார்க்க மணல் மூட்டை போதவில்லை. "ஊரே ஏறட்டும்" என்றார் கய்யூம். ஏறினார்கள். நடுவில் பெரியம்மாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நானும் ஒரு மூட்டைதானே!" என்று நின்றாள். கோபால்சாமி என்கிற கெட்டிக்காரப் பையன் கீழே தண்ணீரில் நின்று அளவுகோலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அரை அங்குலங்கூட எறங்கல சார்!" என்று கத்தினான். ஊர்க்கவுண்டர் தேங்காய் உடைத்தார்.

கிளம்பும்போது கய்யூம் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "நல்லா நடங்க. மூட்டை தூக்கிக்கினு நடங்க. ஆடு மாட்டையும் ஓட்டுங்க. எத்தினி கால் படுதோ அத்தினி நல்லது." கழிகள் தேய வேண்டும், போல்ட்டுகள் ஆட வேண்டும், அப்போதுதான் பிரிக்கும்போது பாடம் இருக்கும் என்று அவருக்குக் கணக்கு. பெரியம்மாளுக்கு அது கணக்காகவா கேட்டது? கையெடுத்துக் கும்பிட்டு, "மவராசனா இருங்க" என்றாள்.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அக்கரையில் வாக்கப்பட்ட பெண் மாசமாக இருந்தால் புரட்டாசி பிறந்ததுமே இக்கரைக்கு அழைத்து வந்துவிடுவார்கள். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் அந்த ஆற்றில் யானை இறங்காது. வாரக்கணக்கில் இந்தக் கரை வேறு, அந்தக் கரை வேறு. அந்த வருஷம் புரட்டாசியில் சின்னராசு வீட்டில் சாமை அறுப்பு. "அறுப்பு முடியட்டும் அத்தை, பாலந்தான் கீதே, இன்னா அவசரம்?" என்றான். பெரியம்மாளும் யோசித்தாள். ஆமாம், பாலம்தான் இருக்கிறதே. வழக்கத்தை அந்த ஒரு வருஷம் அவள் தள்ளிவைத்தாள்.

ஐப்பசி பிறந்தது. மழை இன்னும் விழவில்லை. வானம் மட்டும் மூடிக்கொண்டு கிடந்தது. கய்யூம் பிள்ளைகளோடு திரும்பி வந்து ஸ்பானரை எடுத்தார்.

பாதி போல்ட்டு கழன்றிருந்தபோது பெரியம்மாள் கூடையோடு வந்தாள். கீழே கலசப்பாக்கம் சந்தைக்குப் போகிற அவசரம். சுக்கு, திப்பிலி, நல்லெண்ணெய் எல்லாம் வாங்க வேண்டும், பிள்ளை பெறப்போகிற மகளுக்கு.

"இன்னா பாய் வாத்தியாரே, ரிப்பேரா?"

"இல்லம்மா. பிரிச்சுப் பாக்கறோம். எது தாங்கிச்சு, எது தாங்கலன்னு உள்ள பாத்தாத்தான் பசங்களுக்குப் படிப்பு."

"பாருங்க, பாருங்க. பாத்துட்டு நல்லா இறுக்கிப் பூட்டுங்க. அமாவாசை கழிச்சு எம் பொண்ணைக் கூட்டியாரணும். நெறமாசமா கீறா."

கய்யூமின் வாய் திறந்தது. திரும்பப் பூட்ட மாட்டோம் அம்மா, லாரி வந்து நிற்கிறது, கழியெல்லாம் ஸ்டோருக்குப் போக வேண்டும் என்று சொல்ல வேண்டியதுதானே? வரவில்லை. பாலம் கட்டின நாளெல்லாம் அவள் வடித்துப் போட்ட சோறு அவரைச் சொல்லவிடவில்லை. அவர் கீழே பார்த்தார். தண்ணீர் முழங்கால் அளவுதான் ஓடிக்கொண்டிருந்தது. இதுக்கு எதுக்குப் பாலம், ரெண்டு பேர் கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்துவிடலாமே என்று தோன்றிவிட்டது. வாணியம்பாடிப் பாலாற்றுக்காரருக்கு வேறு எப்படித் தோன்றும்? அவர் பிறந்து வளர்ந்த ஊரில் ஆறு என்றால் மணல். தாத்தா காலத்தில் ஒரு தரம் ஊருக்குள் புகுந்து அடித்துப்போனதாகச் சொல்வார்கள்; கதை கேட்கிற மாதிரி கேட்டதோடு சரி. அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு, சந்தைக்குப் போகிற மலைப்பாதையில் பாறை பாறையாகத் தாவி இறங்கிப் போய்விட்டாள்.

கழிகளைக் கரையில் வரிசையாகப் பரப்பினார்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்கள். கய்யூம் குனிந்து, தடவி, தட்டி, முகர்ந்துகூடப் பார்த்தார். ஒரு விரிசல் இல்லை. ஒரு போல்ட்டு தேயவில்லை.

"இன்னும் பத்து வருஷம் நின்னிருக்கும் சார்" என்றான் கோபால்சாமி. கொஞ்ச நேரம் கழித்து, "திரும்பப் பூட்டிட்டுப் போயிடலாமா சார்?" என்று கேட்டான்.

"அடுத்த வருஷத்துப் பசங்க எதுல படிப்பாங்க? தூக்கு, தூக்கு. இருட்டறதுக்குள்ள எறங்கணும்."

கலசப்பாக்கம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. லாரியின் பின்னால் பிள்ளைகள் நனைந்தபடி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். நல்ல நேரத்தில் வேலை முடிந்தது என்று முன்னால் உட்கார்ந்திருந்த கய்யூம் நினைத்தார். பாவி மனுஷன், அப்படித்தான் நினைத்தார்.

மறுவருஷம் ஆவணியில் புதுப் பிள்ளைகளோடு மறுபடி மலையேறினார். வழியில் சந்தையில் ஒரு கிலுகிலுப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பெரியம்மாள் பேரனோ பேத்தியோ இந்நேரம் தவழுமே! போன வருஷம் பேசாமல் போனதற்கு அவள் நாலு வார்த்தை திட்டுவாள். திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

ஊரில் யாரும் எதிர்கொண்டு வரவில்லை. ஊர்க்கவுண்டர் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். பெரியம்மாள் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். ஆளே பாதியாகியிருந்தாள். முறம் நிற்கவில்லை.

"பொண்ணு சவுக்கியமாம்மா?" என்றார் கய்யூம்.

"சந்தையிலேர்ந்து மழையில வந்தேன். பாலம் இல்ல" என்றாள் அவள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "தண்ணி எறங்கவே இல்ல. அக்கரையில சின்னராசு வந்து நின்னு கத்தினான். வாய் அசையறது தெரியுது, சத்தம் கேக்கல. தண்ணி அப்பிடி எரையுது. வலி எடுத்திருக்குதுன்னு நானாப் புரிஞ்சிக்கினேன். மருந்துக் கூடைய இடுப்புல வெச்சிக்கினு இக்கரையிலயே நின்னேன். மறுநாளும் நின்னேன். அப்பறம் தூக்கிக்கினு வந்தாங்க. பெருசா ஒரு துணி மூட்டை, சின்னதா ஒண்ணு. அக்கரையிலயே குழி தோண்டினாங்க. பாத்துக்கினே நின்னேன்."

கய்யூம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பைக்குள் கிலுகிலுப்பை லேசாகச் சத்தம் போட்டது. அதைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று முனகினார்.

பெரியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பிரிச்சுப் பாத்தீங்களே, இன்னா தெரிஞ்சுது?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் அவருக்குத் தோன்றியது. உள்ளே உளுத்துப்போயிருந்தது, மழைக்கு எப்படியும் விழுந்திருக்கும் என்று சொன்னால் இந்தத் தாய்க்கு மனசு ஆறாதா? ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"ஒரு பழுதும் இல்லம்மா. நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லா இருந்ததயா பிரிச்சீங்க" என்றாள் அவள். கேட்டது மாதிரியும் இல்லை, திட்டினது மாதிரியும் இல்லை. முறத்தை எடுத்துக்கொண்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

அந்த வருஷமும் பாலம் கட்டினார்கள். ஐப்பசியில் ஸ்பானர் எடுத்து வந்த பிள்ளைகளை கய்யூம் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பினார். "பிரிக்காம எப்படி சார் படிக்கிறது?" என்று கேட்டான் ஒருவன். அவர் மலை இறங்குகிற பாதையைக் காட்டினார். ஸ்டோர் சாமானைக் காட்டில் விட்டுவிட்டு வந்தீரா என்று பிரின்சிபால் குதித்தார். குதிக்கட்டும் என்று இருந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் வகுப்பில் கரும்பலகையில்தான் பாடம் நடந்தது. பழைய கய்யூம் சார் எங்கே போனார் என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

பாலம் நின்றது. ஊரே அதில் நடந்தது, ஆடு மாடு நடந்தது. அடுத்த கோடையில் கய்யூம் தனியாக ஒரு தரம் வந்தார். கழிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டு பாலத்தின் நடுவில் நின்றிருந்தபோது, பெரியம்மாள் ஒரு தூக்குவாளியில் சாமைச் சோறு எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தாள். அக்கரையில் மகளுக்குப் படைக்கத்தான்.

"மேல ஏறி வாங்கம்மா" என்று கூப்பிட்டார் கய்யூம். "இத நாங்க பிரிக்கவே மாட்டோம். சத்தியமாப் பிரிக்க மாட்டோம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கட்டும் வாத்தியாரே" என்று சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாலத்துக்குப் பக்கத்திலேயே ஆற்றில் இறங்கி நடந்தாள். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது.