பீர் மைதீனுக்கு ஒதுக்கிய குண்டு

பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்த வாரம் திருநெல்வேலி ஜங்ஷனில் லட்டு கொடுத்தார்கள். வங்கிக் குமாஸ்தா சிவசங்கரன் வாங்க மறுத்தார். தன்னைப் போல மறுத்தவர்கள் ஊரில் உண்டா என்று அவர் தேடிக்கொண்டு போனதில் அணு ஆயுத எதிர்ப்புக் குழு உருவானது. ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர் எபனேசர் தலைவர், சிவசங்கரன் செயலாளர். பாளையங்கோட்டையில் ஒரு டுட்டோரியல் மாடியில் கூடினார்கள்.

முஸ்லிம்கள் நிறைந்த மேலப்பாளையத்திலிருந்து வந்தவர் பீர் மைதீன் மட்டும்தான். பீடித் தொழிலாளர் சங்கத்துக்காரர். குண்டுக்கு எதிரான மனுவுக்குக் கையெழுத்து வாங்கப் போன மற்றவர்கள் தெரிந்தவர் வீடுகளில் காபி குடித்துவிட்டுத் திரும்பியபோது, அவர் பீடி சுற்றும் பெண்களிடம் கையெழுத்து வாங்கிவந்தார். பிப்ரவரியில் கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்ததிலிருந்து மேலப்பாளையத்தில் எந்தத் தாளிலும் பெயர் எழுத ஜனங்கள் பயந்தார்கள்.

"குண்டு வேண்டாம்னு எழுதவுமா பயம்?" என்றார் சிவசங்கரன்.

"குண்டுங்கற பேச்சே எங்க தெருவுல ஆகாது அண்ணாச்சி."

மாடியில் எல்லோரும் சிரித்தார்கள். பீர் மைதீன் சிரிக்கவில்லை.

மே மாதக் கடைசியில் பாகிஸ்தானும் சோதனை நடத்தியது. ஹிரோஷிமா நாளன்று பாளை மார்க்கெட் அருகே தெருமுனைக் கூட்டம் என்று முடிவாகி, நோட்டீஸுக்காகத் தலைப்புகளைப் பிரித்தார்கள். ஹிரோஷிமா எபனேசருக்கு. பொக்ரான் சிவசங்கரனுக்கு.

"பாகிஸ்தான் குண்டை பாய் பேசட்டும்" என்றார் சிவசங்கரன்.

"அது ஏன் எனக்கு?"

"நாங்க அதைக் கண்டிச்சா யாரு கேப்பா? நீங்க கண்டிச்சாத்தான்வே எடுபடும்."

"பொக்ரானைப் பத்தி நான் பேசக்கூடாதா?"

எபனேசர் கண்ணாடியைத் துடைத்தார். "பேசலாம் தம்பி. இந்தச் சமயத்துல வேண்டாமேன்னு பாக்கேன். உங்க நல்லதுக்குத்தான்."

பீர் மைதீன் வீட்டில் அவர் மனைவி ஹமீது பீவி மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். "அப்ப அவங்க குண்டை அவங்க பேசுவாங்க, ஒங்க குண்டை நீங்க பேசணும். அப்படித்தானே?"

"ரெண்டையும் பேசுவேன்" என்றார் அவர். "இதுவும் நம்ம காசுல செஞ்சதுதான். வேண்டாம்னு சொல்ல நமக்குப் பாத்தியதை உண்டு. நீங்க எல்லாரும் வாங்க."

கூட்டத்தன்று, கையெழுத்துப் போட்ட பெண்கள் பஸ் பிடித்து வந்து மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தார்கள். எபனேசர் முக்கால் மணி நேரம் பேசினார். நேரம் மீறுகிறவருக்கு மேடையிலிருந்து துண்டுச் சீட்டு கொடுப்பது கூட்டங்களில் வழக்கம். தலைவருக்கு யார் கொடுப்பது? சிவசங்கரன் பேசும்போது காய்கறிக்கடைப் பக்கமிருந்து ஒருவன், "லே, பாகிஸ்தானுக்குப் போய்ச் சொல்லுலே!" என்று கத்தினான். கூட்டம் அவனோடு சேர்ந்து சிரித்தது.

பிறகு பீர் மைதீன் எழுந்தார். "பட்டினி கிடக்கிற நாட்டுல குண்டு வெடிச்சுக் கொண்டாடுதான் பாகிஸ்தான்காரன். அது பாவம்" என்றார்.

அன்று மாலையின் முதல் கைதட்டல் அதுதான். கடைகளில் நின்றவர்களும் தட்டினார்கள். கத்தியவன் விசிலே அடித்தான். பீர் மைதீன் சத்தம் அடங்கக் காத்து நின்றார்.

"இனி நம்ம குண்டுக்கு வாரேன்."

விசில் நின்றது. கடைப்பக்கம் யாரோ செருமினார்கள். ஓரமாக நின்ற போலீஸ்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். எபனேசரின் கையிலிருந்து சீட்டு வந்தது. பீர் மைதீன் மைக்கைப் பிடித்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் சீட்டைப் படித்தார், திரும்பி மேடையைப் பார்த்தார். அதற்குள் சிவசங்கரன் மைக்கருகில் வந்து, "பாய்க்கு நன்றி. உண்மையான தேசபக்தர்!" என்றார். மறுபடியும் கைதட்டல். ஹமீது பீவி முதலில் எழுந்தாள். மற்றப் பெண்களும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துச் சிவசங்கரன் பத்திரிகையோடு மேலப்பாளையம் வந்தார். உள்பக்கத்தில் பீர் மைதீன் படம் இருந்தது. பாகிஸ்தானுக்குக் கண்டனம் என்று தலைப்பு. குழுவின் பெயர் எங்கும் இல்லை.

"அடுத்த கூட்டம் விக்கிரமசிங்கபுரத்துல. மில் ஆளுக ஒங்களைத்தான் கேக்காங்க. அதையே பேசிருங்க, பாய்."

"எதுவரைக்கும்?"

"கைதட்டுனாங்கள்லா, அதுவரைக்கும் போதும்." சிவசங்கரன் கள்ளமில்லாமல்தான் சொன்னார். தேநீரையும் மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"நான் வரலை அண்ணாச்சி."

"கோவமா?"

"இல்ல. நான் அங்க வந்து ஒங்க குண்டைப் பத்திப் பேசினா ஒங்களுக்குச் சங்கடம். பேசலைன்னா எனக்கு."

"அணுகுண்டுல என்னவே, ஒங்களது எங்களது?" என்றார் சிவசங்கரன். நிஜமாகவே மனம் நொந்திருந்தார்.

விக்கிரமசிங்கபுரத்தில் கூட்டம் திட்டமிட்டபடி நடந்தது. நோட்டீஸில் பீர் மைதீன் இருந்த இடத்தில், அந்த ஊர் ஜவுளிக்கடை பாய் ஒருவரின் பெயரைப் போட்டிருந்தார்கள். பேச்சின் தலைப்பை மாற்றவில்லை: பாகிஸ்தான் குண்டு.