உள்ளறைக்கு எட்டாத சிக்னல்

புது இன்டர்நெட் கம்பெனியின் லைன்காரர் கட்டிலுக்கடியில் தலையை நுழைத்து, வெள்ளை வைஃபை டப்பாவின் பொத்தானைக் குண்டூசியால் மூன்றாவது தடவையாக அழுத்திப் பிடித்தார். விளக்கு நீலமாகி, கொஞ்சம் யோசித்துவிட்டு, மறுபடியும் சிவப்புக்கே வந்தது. கட்டிலில் கிடந்தவனின் கண்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தன. பக்கவாதம் வந்து எட்டு மாதம். பேச்சு போய்விட்டது, இடது கை மட்டும் சொன்னபடி கேட்கிறது. எச்சில் தொண்டையில் சிக்கினால் உடனே ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். அதனால்தான் அவன் மனைவி இந்த உள்ளறையிலேயே, கட்டிலையொட்டி மேசை போட்டு, கால் சென்டர் வேலை பார்த்து வந்தாள்.

"இது சேராதும்மா," என்று எழுந்தார் லைன்காரர். "இந்த டப்பா ரெண்டும் உன் பழைய கம்பெனியோடது. அவங்க ரவுட்டர் இருந்தாத்தான் சிக்னலை உள்ள வரைக்கும் கொண்டாரும். எங்க ரவுட்டரக் கண்டா மூஞ்சத் திருப்பிக்கும்."

"எந்த ரவுட்டரா இருந்தாலும் வேலை செய்யுமேண்ணே."

"யாரு சொன்னா? போன்ல பேசுற பொண்ணுங்களா? அதுங்க நல்லா அளந்து விடும். அதை நம்பியா கம்பெனி மாத்தின?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "நான்தாண்ணே அந்தப் பொண்ணு," என்றாள்.

இரண்டு வருடமாகப் பழைய கம்பெனிக்காகத்தான் அவள் போன் எடுக்கிறாள், ஒப்பந்தக்காரர் வழியாக. இந்த டப்பா எந்த ரவுட்டரோடும் வேலை செய்யும் என்று திரையில் எழுதியிருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்காவது வாசிப்பாள். வாய் வலிக்கச் சொன்னதைக் கடைசியில் காதும் நம்பிவிட்டது. கம்பெனி மாதக் கட்டணத்தை ஏற்றியது. ஒப்பந்த ஆளுக்குச் சலுகை கிடையாது என்றார்கள். இணைப்பை மாற்றிக்கொண்டாள். டப்பா சேராமல், நேற்று ஒரே நாளில் இரண்டு தடவை பேச்சின் நடுவே லைன் அறுந்தது.

லைன்காரர் சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதம்மா."

"கேபிளை உள்ள வரைக்கும் இழுத்துட முடியாதாண்ணே?"

"எனக்கு அளந்து குடுத்தது தீந்து போச்சு. ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும். பத்து நாள் ஆவும். கையில இருந்தா நானே போட்டுருப்பேன், சத்தியமா."

கட்டிலை ரவுட்டர் இருக்கும் வாசல்பக்கம் கொண்டுபோகலாமா என்று ஜாண் போட்டுப் பார்த்தார். கட்டில் வந்தால் வாசல் கதவு திறக்காது.

பன்னிரண்டு மணிக்கு ஷிப்ட். லைன்காரர் போனதும் அவள் மேசையை ரவுட்டரடிக்கு இழுத்துப் போட்டாள். துணி காயப் போடும் நைலான் கயிற்றின் ஒரு முனையில் சுருக்குப் போட்டுக் கணவனின் இடது மணிக்கட்டில் மாட்டினாள். மறு முனையைத் தன் கணுக்காலில் கட்டிக்கொண்டாள். "என்னங்க, ஏதாச்சும்னா இழுங்க. காதுல மெஷின் இருந்தாலும் ஓடி வந்துடுவேன்."

ஒரு மணிக்குக் கயிறு இழுபட்டது. "ஒரு நிமிஷம் சார்," என்று ஓடினாள். அவனைப் புரட்டி, முதுகைத் தட்டி, வாயைத் துடைத்துவிட்டுத் திரும்பியபோது வாடிக்கையாளர் வைத்துவிட்டிருந்தார். லைனில் சூப்பர்வைசர் இருந்தார். அவர் சொன்னது அவள் காதுக்கு மட்டும் கேட்டது. அவள் கெஞ்சியது வீடு முழுக்கக் கேட்டது.

"இனிமே எழுந்து போவ மாட்டேன் சார். சத்தியமா போவ மாட்டேன். வேலைய மட்டும் எடுத்துடாதீங்க சார். இதை விட்டா எங்களுக்கு வேற கதியில்ல."

அதற்குப் பிறகு கயிறு அசையவே இல்லை. கண்ணயர்ந்திருப்பார் என்று நினைத்தாள். நினைக்கும்போதே நிம்மதியாகவும் இருந்தது, அப்படி நிம்மதிப்படுவதே பயமாகவும் இருந்தது. மூன்று மணிக்குப் பத்து நிமிட இடைவேளை விட்டதும் உள்ளே ஓடினாள்.

அவன் விழித்துத்தான் இருந்தான். முகம் கறுத்து, தலையணை நனைந்து, மூச்சு கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. கயிறு கட்டிலுக்குக் கீழே கிடந்தது. சுருக்கு எச்சிலில் ஊறியிருந்தது. பல் பதிந்த இடத்தில் நைலான் பிய்ந்திருந்தது.

அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். மூச்சு சீராகும் வரை முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். பிறகு கயிற்றை எடுத்து, சுருக்கை விரித்து, அவன் கையைத் தேடினாள்.

அவன் சுவரைப் பார்த்தபடி இடது கையைத் தொடைக்கடியில் ஒளித்துக்கொண்டான்.