வசந்தாமணி படுத்திருக்கிறாள்

1

ஒரு முனையைப் பிடித்தால் தீவன மூட்டையைத் தூக்கிவிடுவேன், நாளைக்கு எழுந்திருப்பேனா என்பதுதான் தெரியவில்லை. வசந்தாமணி இதை நினைத்தாள்.

கதையை இப்படித் தொடங்கினாலும் எனக்கு முதலில் கிடைத்தது வேறொன்று. ராசிபுரத்தில் பிசியோதெரபிக்குக் காத்திருந்தபோது பக்கத்திலிருந்த பெண் பேச்சுவாக்கில் சொன்னது. நாமகிரிப்பேட்டைப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்.

"முட்டை ஓடு மெலிசாப் போயிருமுன்னு ஐயாயிரம் கோழிக்கும் நாந்தான் தீவனத்துல கிளிஞ்சல் கலக்கறனுங்க. எனக்குப் போட மறந்துட்டேன்."

சிரித்தார். நானும் சிரித்தேன். பெயரைக் கேட்பதற்குள் என் முறை வந்துவிட்டது. வசந்தாமணி நான் வைத்த பெயர்.

2

முதல் வரைவில் அவளை அழ வைத்தேன். "வேதனை தாளாமல் அவள் விழிகள்—"

அடித்துவிட்டேன். பத்து வருடமாக வலிக்கும் முதுகுக்காக யாரும் அழுவதில்லை. பேருந்தில் எந்த இருக்கை குலுங்காது என்று தெரிந்துவைத்துக்கொள்வார்கள். (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில். என் அனுபவம்.)

தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து முட்டைக்கு ஓடு கட்டும். அதையும் வசந்தாமணி பெற்ற இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து ஒரு பத்தி எழுதினேன். மிக அழகாக வந்தது. அவளைக் கோழியாக்கிவிட்டு நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதையும் எடுத்துவிட்டேன்.

3

வசந்தாமணிக்கு எலும்பு மெலிந்து, முதுகெலும்பில் ஒரு கணு ஏற்கெனவே அமுங்கியிருக்கிறது. இன்னொன்றும் அமுங்கினால் நிமிர்ந்து நடக்க முடியாது என்று மருத்துவர் சொன்னார். மாத்திரை, கேழ்வரகு, காலை வெயிலில் நடை. மூட்டையைத் தொடக் கூடாது. தினமும் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை உயர்த்தி ஐந்து எண்ணி இறக்க வேண்டும். பத்துத் தடவை.

மற்றதெல்லாம் முடியும். காய்ச்சல் இல்லாமல் பகலில் படுத்த பெண்ணை அந்த வீடு பார்த்ததில்லை.

இன்று மூன்று மணிக்குப் பாயை விரித்துவிட்டாள். வாசலில் தீவன வண்டி நிற்கிறது. மூட்டை இறக்கும் ஆள் வரவில்லை. கணவர் காளியண்ணன் எட்டிப் பார்க்கிறார்.

"ஏம்புள்ள, மேலுக்குச் சொகமில்லையா?"

"நல்லாத்தானுங்க இருக்கறேன்."

"அப்பறம் எதுக்கு இடுப்பத் தூக்கித் தூக்கிப் போடற? டிவியில சேரப்போறயா?"

"டாக்டர் சொன்னதுங்க."

"டாக்டரா வந்து மூட்டை எறக்குவாரு? மழ வாராப்பல இருக்குது. வந்து ஒரு முனையப் புடி. ஆறு மூட்டைதான்."

4

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அவள் எழுந்து தூக்குகிறாள், எலும்பு நொறுங்குகிறது, நீங்கள் பரிதாபப்படுகிறீர்கள். மற்றதில் அவள் எழுந்து உட்கார்ந்து ஸ்கேன் படத்தைக் காட்டுகிறாள், காளியண்ணன் மனம் மாறுகிறார். அவரை எழுதிய எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

இரண்டுக்கும் அவள் எழுந்தாக வேண்டும். படுத்திருப்பவளை வைத்துக்கொண்டு கதையை எங்கே நிறுத்துவது? ஒரு தடவை எழுந்திரு, வாசல் வரைக்கும் வா, போதும். நானும் கேட்டேன்.

அவள் கூரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"இல்லீங்க," என்றாள், குரலை உயர்த்தாமல். "இன்னும் நாலு தடவ இருக்குது."

இடுப்பு மெல்ல உயர்ந்தது. ஒன்று என்று எண்ணினாள்.