முன்கூட்டிச் சொன்ன நாடகம்

ஒரே ஒரு நாடகம்தான் என்று பெரியவள் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"இது பிடிக்கலைன்னா இனிமே நாடகம்ங்கிற பேச்சையே எடுக்கக் கூடாது. சரியாப்பா?"

பதின்மூன்று வயதில் வக்கீல் மாதிரி கறாராகப் பேசுவாள். நானும் தலையாட்டிவிட்டேன்.

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. எங்காவது நாடகம் போடுகிறார்கள் என்று தெரிந்தால், கடை மூடியதும் கால் அந்தப் பக்கம் போய்விடும். தனியாகப் போய், தனியாகத் திரும்பி, பார்த்ததைப் பேச ஆளில்லாமல் படுத்த நாட்கள் போதும் என்றிருந்தது. மனைவி நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வருகிறவள். அரங்கில் விளக்கணைந்தால் அவளும் அணைந்துவிடுவாள். சின்னவன் எதற்குக் கூப்பிட்டாலும் வருவான், அது கணக்கில்லை. பெரியவளையும் விட்டால் எனக்கு வேறு துணை கிடையாது.

ஆகவே முறையாகத் தயார் செய்தேன். நான் ஏற்கெனவே பார்த்த நாடகம் அது. அண்ணன், தம்பி, இறந்துபோன அப்பாவின் பூட்டிய பீரோ, காணாமல் போன சாவி. வாரம் முழுக்க எங்கள் கூடத்தில் அண்ணனும் நானே, தம்பியும் நானே. பெரியவள் போனிலிருந்து தலை தூக்கவில்லை. ஆறு வயதுச் சின்னவன், குருவி என்று கூப்பிடுவோம், வாயைப் பிளந்து கேட்டான். வார இறுதிக்குள் வசனம் அவனுக்குப் பாடமாகிவிட்டது.

"மொத்தமும் நீங்களே நடிச்சிட்டா அங்க போய் எதுக்கு உட்காரணும்?" என்றாள் மனைவி.

"கதை தெரிஞ்சா அலுக்காதுல்ல."

"தெரிஞ்சாத்தான் அலுக்கும்" என்றது போனுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

அன்று மனைவிக்கு டூட்டி. நாங்கள் மூவரும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தோம். பெரியவள் ஒரு பக்கம், குருவி மறுபக்கம். நாடகம் தொடங்கியது, நான் அவள் முகத்தைப் பார்த்தேன். தம்பி வேடக்காரர் வேடிக்கையாக ஏதோ சொன்னார். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். கொட்டாவி விட்டாள். "இனிமேதான் நல்லா இருக்கும்" என்று காதில் ஓதினேன். "ம்" என்றாள். அந்த 'ம்' என்னைச் சும்மா உட்கார விடவில்லை.

பிறகு அந்த இடம் வந்தது. "சாவி எங்கண்ணே?" என்று தம்பி கேட்பான். அண்ணன் பதில் சொல்லாமல் நிற்பான். நீண்ட மௌனம், நாடகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஆனால் கூடத்தில் நடித்தபோது அந்த மௌனத்துக்கு நான் இடமே விட்டதில்லை. பெரியவள் எழுந்து போய்விடுவாளோ என்ற அவசரத்தில், கேள்வி முடிவதற்குள் பதிலையும் சொல்லிவிடுவேன்.

அண்ணன் வேடக்காரர் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். குருவி தவித்துப் போனான். அவர் வசனத்தை மறந்துவிட்டார் என்று முடிவு கட்டி, நான் பிடிப்பதற்குள் நாற்காலி மேல் ஏறிவிட்டான்.

"மாமா, 'என் சட்டைப் பையிலதான் இருக்கு'ன்னு சொல்லுங்க."

அரங்கம் முழுக்கக் கேட்டது. சிரிப்பு எழுந்து அடங்கியது. பெரியவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். போச்சு, இத்தோடு எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அண்ணன் வேடக்காரர் அசையவில்லை. மெல்லத் தன் சட்டைப் பை மீது கையை வைத்து மூடிக்கொண்டார். தம்பி வேடக்காரர் இருட்டை ஒரு முறை பார்த்துவிட்டு, அவர் பக்கம் திரும்பினார்.

"ஊருக்கே தெரிஞ்சிருக்குண்ணே. எனக்கு மட்டும் சொல்லல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பெரியவளின் விரல்கள் விலகின.

"அப்பா, இது நீங்க சொன்னதுல இல்லையே."

"இல்லம்மா. இப்பத்தான் பண்றாங்க."

"இப்பவேவா?"

"ஆமா, குருவி சொன்னதால..."

"ஷ். பேசாதீங்க."

நாடகம் முடியும் வரை அண்ணன் வேடக்காரரின் கை அந்தப் பையை விட்டு இறங்கவில்லை. பெரியவளின் முதுகும் நாற்காலியில் சாயவில்லை.

வெளியே வந்ததும் குருவி, "நான்தானே காப்பாத்துனேன்?" என்றான். நான் பேச்சைத் தொடங்குவதற்குள் பெரியவள் முந்திக்கொண்டாள்.

"நாளைக்கும் இருக்கா?"

"இருக்கு."

"நாளைக்கு அந்த அண்ணன் என்ன பண்ணுவார்?"

வாயைத் திறந்தேன்.

"சொல்லாதீங்க. நான் வர்றேன். ஆனா உங்க பக்கத்துல உட்கார மாட்டேன்."

"ஏம்மா?"

"நீங்க நாடகமா பாக்கறீங்க? என் மூஞ்சியையே பாத்துட்டு இருக்கீங்க. கூச்சமா இருக்குப்பா."

மறுநாள் குருவியை மனைவியிடம் விட்டுவிட்டுப் போனோம். பெரியவள் முன்னால் போய் உட்கார்ந்தாள். எனக்கு நான்கு வரிசை தள்ளி இடம் காட்டினாள். தம்பி கேட்டார். அண்ணன் பேசாமல் நின்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எட்டி எட்டிப் பார்த்தும் அவளுடைய பின்னலைத் தவிர எதுவும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் மேடையைப் பார்த்தேன்.